ஈரலுக்கு ஒரு சூப்பர்வைசர்

வாயை மூடி வேலை பார்த்த களைப்பை, வாயைத் திறந்து போக்கிக்கொண்ட ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் சூப்பர்வைசர்தான். சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆம்பூர்க்காரர். காட்பாடியில் நானும் அவரும் ஒரே அறையில் இருந்தோம். எனக்கு பேங்க் வேலை. அவருக்கு ஈரல் புற்றுநோயில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் என்ன செய்கின்றன என்கிற ஆராய்ச்சி. எச்சில் தெறித்தால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடுமாம். அதனால் லேபுக்குள் மூச்சுகூட அளந்துதான் விடுவார். வெளியே வந்ததும் ரஹீம் பாய் டீக்கடையில் மடை திறக்கும்.

"எங்க ஆம்பூர் ஷூ கம்பெனி மாதிரி நெனச்சுக்குங்க, பாய். ஜீன்தான் மொதலாளி. ஆர்டர் சீட்டு அனுப்புவாரு. அதப் பாத்து செல்லு புரோட்டீன் தைக்கும். வேணாத சீட்டைப் புடிச்சு நிறுத்தறவன் மைக்ரோ ஆர்.என்.ஏ. குட்டி சூப்பர்வைசர்! ஈரல்ல அவன் கம்மியாய்ட்டா இன்னாவும்? கண்ட சீட்டும் ஓடும், கட்டி வளரும். ஊசி வழியா அவனைத் திருப்பி உள்ள அனுப்பிட்டா கட்டி க்ளோஸ்!"

மேஜையில் ஓங்கித் தட்டுவார். டீ என் சட்டையில் சிந்தும். சூப்பர்வைசர் என்ற பெயர் அவருக்கு அப்படி வந்ததுதான்.

கடைசியில் பாய்க்கே ஈரலில் கட்டி. உடனே ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வார் என்றார்கள் டாக்டர்கள். பாய் அசையவில்லை.

"கத்தி இன்னாத்துக்கு? நம்ம சார்கிட்ட ஊசி இருக்குதே. நாலு சூப்பர்வைசர ஜாஸ்தியா போட்டு அனுப்புங்க சார்!"

அடக் கடவுளே! எங்கள் ஆளின் முகம் வெளுத்துவிட்டது.

"பாய், அது எலிக்கே இன்னும் சரியா வர்ல. மருந்தாவ எவ்ளோ காலமாவும்னு எனக்குத் தெரியாது."

'தெரியாது' என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"அப்ப இத்தினி நாளா பேசினது?" என்றார் பாய்.

"அத்தனையும் நெசம். ஆனா உங்களுக்கு இப்ப கத்திதான். தள்ளிப் போட்டா நீங்க எங்களுக்கு இல்ல, பாய்." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க கூட வந்தா வர்றேன்" என்றார் பாய்.

போனோம். நர்ஸம்மா பாயின் கையில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்தார். தொப்பென்று ஒரு சத்தம். சூப்பர்வைசர் தரையில் கிடந்தார்! ஈரலோடு மல்லுக்கட்டும் மனிதருக்கு ரத்தத்தைக் கண்டால் ஆகாதாம். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும் பாய் தலையைத் தூக்கி, "என்னை விடுங்கம்மா, மொதல்ல அவரப் பாருங்க. நம்ம தோஸ்த்து, தங்கமான மனுசன்" என்று கத்திக்கொண்டேதான் போனார்.

பாய் இன்று கடையில் டீ ஆற்றுகிறார். சூப்பர்வைசர் வேறு ஊரில் ஆராய்ச்சியைத் தொடர்கிறார். அந்த ஊசி ஒருநாள் வந்தே தீரும் என்று நானும் நம்புகிறேன். ஆனால் எனக்கு ஒன்று என்றால், அவர் ஊசி கொண்டுவர வேண்டாம். வந்து என் கட்டிலோரம் மயங்கி விழுந்தால் போதும்.