நேசம்மாள் டீச்சர் கம்ப்யூட்டர் தொட்ட படலம்

கல்லுப்போல இருக்குமா, மெத்தென்று இருக்குமா? அமுக்கினால் உள்ளே போகுமா? போனது திரும்பி வருமா? வராமலே போய்விட்டால் யாரைப் பிடிப்பார்கள்?

வெள்ளிக்கிழமை பிற்பகலில், ஆசிரியர் அறையின் மூலையில், கம்ப்யூட்டரின் எழுத்துக் கட்டையைப் பற்றி இவ்வாறெல்லாம் எண்ணியபடி நேசம்மாள் டீச்சர் தன் வலக்கை ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க அவ்விரல்! தேசப்படத்தில் கங்கையையும் கோதாவரியையும் பிறப்பிடத்திலிருந்து கடல்வரை வழிநடத்திச் சென்ற விரல். இரைச்சலில் கொதிக்கும் எட்டாம் வகுப்பை ஒரே அசைவில் அவித்த செங்கோல் விரல். சாக்பீஸ் தேய்த்துத் தேய்த்து ரேகை மங்கிய வீர விரல். அது தோற்ற களமென்று ஒன்றில்லை. ஆனால் திங்கள் தொட்டுப் போர் முரசு கேட்டும் களத்துக்குள் விடுவாரின்றி, மடியில் கிடந்து வாடிக்கொண்டிருந்தது.

போரின் காரணம் இது. எண்பத்தாறாம் வருடம், கோவில்பட்டியில் இருந்த அவர்களுடைய உயர்நிலைப் பள்ளிக்கு அரசாங்கம் ஒரு கம்ப்யூட்டர் அனுப்பியது. வைக்கோல் பொதிந்த பெட்டிக்குள்ளிருந்து அது வெளிப்பட்ட கணத்திலேயே தலைமையாசிரியர் ஜேசுதாசன் பிரகடனம் செய்தார்: "செருப்பைக் கழட்டுங்க! சன்னலைச் சாத்துங்க! ஒரு பொட்டு கரிசல் தூசி உள்ள போச்சுன்னா மொத்தப் பேருக்கும் மெமோ!" அவ்வண்ணமே தேசப்பட அறை காலி செய்யப்பட்டது, சன்னல் இடுக்குகளில் பழந்துணி திணிக்கப்பட்டது, தெய்வத்துக்குத் திரையிட்டாற்போலப் பூப்போட்ட மெத்தை விரிப்பொன்று கம்ப்யூட்டர்மேல் சாத்தப்பட்டது. தலைமையாசிரியரின் சொந்தச் சுழல் நாற்காலியே அதன் முன் அரியணையாக இடப்பட்டது.

பயிற்றுவிக்க மதுரையிலிருந்து வந்தவரோ, அடுத்த பள்ளிக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில், விசைப்பலகையின் படத்தை ஒரு தாளில் கிறுக்கிக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் மறைந்தார். எல்லோரும் தொட்டால் எந்திரம் தேய்ந்துவிடும் என்பதால், ஓவிய ஆசிரியர் எபநேசர் அந்தக் கிறுக்கலைப் பெரிய கரும்பலகையில் வரைந்தார். அதன் முன்னால் ஆசிரியப் பெருமக்கள் அணிவகுத்து நின்று, பிரம்பு காட்டிய எழுத்தை நோக்கிக் காற்றில் விரல் குத்தினார்கள். மெய்யான எந்திரத்தை இயக்கிக் காட்டும் உரிமை ஒருவருக்கே வழங்கப்பட்டது. அவர்தான் பௌதிகப் பேராற்றல், ரேடியோ ரிப்பேர் கண்ட தோளினர், சுந்தரபாண்டியன் சார். திங்களன்று அந்த நாற்காலியில் அமர்ந்தவர் எழவில்லை. அகன்ற அவர் முதுகு, மலையொன்று பாதை மறித்தாற்போல, எந்திரத்துக்கும் உலகத்துக்கும் நடுவே நின்றது. அதற்கு அப்பால் என்ன நடக்கிறதென்று யாரும் கண்டதில்லை. "ம்", "ஓகோ" என்று அவ்வப்போது எழும் முழக்கம் மட்டும் கேட்கும்.

நேசம்மாள் மனம் தளரவில்லை. கரும்பலகைப் படத்தைப் பாராமல் ஒப்பித்தாள். வீட்டில் உளுந்து புடைக்க எடுத்த சுளகின்மேல் விரல் தானாக எழுத்துத் தேடியது. வியாழக்கிழமை வகுப்பில் அழகுத்தாய் என்ற பெண் எழுந்து, "டீச்சர், அந்தக் கட்டைய அமுக்குனா எப்படி இருக்கும்?" என்று கேட்டபோதுதான் அவளுக்குள் ஏதோ சரிந்தது. திங்கட்கிழமை முதல் அந்த வகுப்புக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கப்போவது அவள். கங்கையைப் பாராமல் கங்கையைச் சொல்லிக்கொடுத்தவள்தான்; கங்கை தூரத்தில் இருந்தது, அதில் வெட்கமில்லை. இது பக்கத்து அறையில் இருந்தது. "பாத்துச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவளுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

இன்று பயிற்சியின் கடைசி நாள். மாலையில் மாவட்ட அதிகாரி பார்வையிட வருகிறார். அத்தோடு அறையைப் பூட்டிவிட்டால், திங்களன்று சாவி வரும், அதற்கு முன்னால் சுந்தரபாண்டியன் சாரும் வருவார்.

அப்போது விண்ணவர் இரங்கினார்களோ, மின்வாரியம்தான் இரங்கியதோ, கரண்டு போயிற்று. மின்விசிறிகள் மயங்கிச் சாய்ந்தன. எந்திரத்தின் ஒளிவிழி மூடிற்று. ஆண்படை முழுவதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடை நோக்கித் திரண்டது. அதன் நடுவே யானைபோல சுந்தரபாண்டியன் சாரும் நடந்தார்.

தையல் வகுப்பு பேபி டீச்சர் ஒற்றரைப்போல ஓடிவந்தாள். "யக்கா, கோட்டை காலி! சார் வடைக்குப் போயாச்சு."

"கரண்டு இல்லையேட்டி."

"நாக்காலிக்கு எதுக்குக்கா கரண்டு?"

படைநூல்கள் அனைத்தும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கின. நேசம்மாள் எழுந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். செருப்பை வாசலில் விட்டு, இருண்ட அறைக்குள் நுழைந்து, இன்னும் சூடு ஆறாத அந்த அரியணையில் அமர்ந்தாள். நாற்காலி ஒருமுறை சுழன்று அவளைச் சுவரைப் பார்க்க வைத்தது. காலால் உந்தித் திரும்பினாள். சார் போகும்போது மூடிவிட்டுப் போன விரிப்பை விலக்கினாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், எல்லோரும் உட்கார்ந்த பிறகு மிஞ்சிய இடத்திலேயே உட்கார்ந்து பழகியவள் அவள். முதலில் வந்து உட்கார்வது, திருடுவதைப்போல இருந்தது. அது நன்றாகவும் இருந்தது.

கரண்டு வந்தது. திரை விழித்தது. விரல் புறப்பட்டது.

ஐயகோ, என்ன சூழ்ச்சி! வரைபடத்தை நம்பி வந்த சேனை அறியாத நகரில் அகப்பட்டாற்போல விரல் திகைத்து நின்றது. எழுத்து வரிசையின் தலைவாசலில் ஏ இருக்க வேண்டும், நின்றதோ க்யூ. வாலில் இருக்க வேண்டிய இசட் அடிவரிசையின் தொடக்கத்தில் பதுங்கியிருந்தது. அவளுக்குப் புரிந்தது. எபநேசர் சார் ஒழுங்கானவர். மதுரையிலிருந்து வந்தவர் அவசரத்தில் எழுத்தைக் கலைத்துப் போட்டுவிட்டாரென்று, ஏ, பி, சி, டி என்று நேர்செய்து வரைந்திருக்கிறார். பள்ளி அலுவலகத்தில் இருந்தது தமிழ்த் தட்டச்சு. ஒத்துப் பார்க்க ஆங்கிலத் தட்டச்சு தெரிந்த ஆளில்லை. அத்தனை நாளும் அத்தனை பேரும் குத்தியது இல்லாத ஊரின் கதவுகளை.

விரல் பின்வாங்கவில்லை. தெருத்தெருவாகத் தேடிற்று. 'என்' எழுத்து எங்கே என்று மேல்வரிசையில் அலைந்து, நடுவரிசையில் ஏமாந்து, அடிவரிசையில் கண்டு, மேலிருந்து பருந்துபோல இறங்கியது. கட்டை, ஊறவைத்த மொச்சைபோல, மெல்ல அழுங்கியது. விரல் எடுத்ததும் எழுந்து நின்றது. கருந்திரையில் வெள்ளையாக ஓர் 'என்'.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரும் எழுதித் தராமல், யார் முதுகுக்கும் பின்னால் நிற்காமல், அவள் பெயரின் தலையெழுத்து ஒளியால் ஆகி நின்றது. அடுத்து இ. அடுத்து எஸ். ஏ. எம். வாசலில் காவல் நின்ற பேபி டீச்சர், "யக்கா, அடிங்கக்கா!" என்று போர்க்குரல் எழுப்பினாள்.

அதற்குள் டீக்கடைப் படை திரும்பிவிட்டது. வெளியே ஜீப் சத்தம். "ஆபீசர் வந்துட்டாவ! எல்லாரும் வரிசையா நில்லுங்க!" என்று தலைமையாசிரியரின் குரல் வராந்தா முழுக்க இடித்தது. வடை எண்ணெய் மின்னும் விரல்களோடு உள்ளே பாய்ந்த சுந்தரபாண்டியன் சார், தன் நாற்காலியில் அவளையும், திரையில் அவள் பெயரையும் கண்டு நின்றார். முகத்தில் கோபம் வரவில்லை. பயம் வந்தது. குனிந்து, அவள் காதருகில் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், தயவுசெஞ்சு எந்திரிங்க. இந்த மெசின்ல எழுத்தெல்லாம் தப்பா ஒட்டி அனுப்பிட்டானுவ. நான் திங்கக்கிழமையே பாத்துட்டேன். பள்ளிக்கூடத்து மானம் போயிருமேன்னு யார்ட்டயும் சொல்லல. நான் பழையபடி முதுகக் காட்டிட்டு உக்காந்தா ஆபீசருக்குத் தெரியாது."

அந்த மாபெரும் முதுகு எதை மறைத்துக்கொண்டிருந்தது என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. ஒரு கட்டையைக்கூட அமுக்காமல் அவர் உட்கார்ந்திருந்த நாள்களை நினைத்தபோது இரக்கம்கூட வந்தது. பெயரில் இன்னும் மூன்று எழுத்து பாக்கி இருந்தது. வராந்தாவில் பூட்ஸ் ஒலி நெருங்கியது, வரலாறு மூச்சடக்கியது, திசை யானைகள் காது மடக்கின.

நேசம்மாள் டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான் எந்திரிக்கல, சார்" என்றாள்.