கம்ப்யூட்டர் ரூமில் ஜருகண்டி

கூச்ச சுபாவம் உள்ளவனிடம் ஒரு கூட்டத்தை ஒப்படைக்கக் கூடாது. அதட்டத் தெரிந்தவன் நாலு அதட்டு அதட்டிவிட்டு ஓய்ந்துவிடுவான். கூச்சக்காரன் யோசிப்பான். யோசித்து ஒரு வழி கண்டுபிடிப்பான். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் படித்தது அஞ்சாவது வரை. ஊர் நகரிப் பக்கம். கல்யாணமான புதிதில் திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ரூமில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. ஏசி போடுவது, தூசி தட்டுவது, வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்வது, அவ்வளவுதான் வேலை. அந்தக் கடைசி வேலையைக்கூட நான் வாயால் செய்ததில்லை. யாராவது வந்தால் என் செருப்பைக் கழற்றிக் காட்டுவேன். (பாதிப் பேர் அதைத் தாண்டி உள்ளே போய்விடுவார்கள்.)

இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிற வாட்ஸ்அப் குரூப் போல ஒன்று அப்போதே அந்த ரூமில் இருந்தது. படம் கிடையாது, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும். செடிகொடிக்கு ஒரு குழு, நட்சத்திரத்துக்கு ஒரு குழு. உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒருவர் கேள்வி எழுதுவார், இன்னொரு மூலையிலிருந்து பதில் வரும். ஆனால் புரொபசர்களுக்கும் ஆராய்ச்சி செய்பவர்களுக்கும்தான் அனுமதி. டிகிரிப் பிள்ளைகள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று தரிசனம் செய்துகொள்ளலாம்.

அப்படி நின்றவர்களில் ஒருத்தி சரளா. புத்தலப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து தாவரவியல் படித்தாள். அவள் அப்பாவின் மாந்தோப்பில் இரண்டு வருஷமாகப் பிஞ்செல்லாம் கொட்டிப்போனது. இன்னொரு வருஷமும் கொட்டினால் மரத்தை வெட்டிவிட்டு இவள் படிப்பையும் நிறுத்திவிடப் போவதாக அவர் சொல்லியிருந்தார். இங்கே யார் யாரோ சொன்ன மருந்தெல்லாம் அடித்தும் பலிக்கவில்லை. செடிகொடிக் குழுவில் ஒரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ரூம் பொறுப்பாளர் சாரை விடாமல் நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

சார் சித்தூர்க்காரர். தெலுங்கில் கோபப்படுவார், தமிழில் இரங்குவார். அன்று தமிழில் பேசினார்.

"ஒரு மாசம் ட்ரையல். சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒரே ஒரு கம்ப்யூட்டர். எங்கிருந்தாவது ஒரு கம்ப்ளைண்ட் வந்தா டிகிரிப் பசங்களுக்குக் கதவு மூடிடுவேன், செரியா?"

மாணவர் பெயரில் கணக்குத் திறக்க விதி இல்லை. ஸ்டாஃப் பெயர் வேண்டும். சார் சுற்றும் முற்றும் பார்த்தார். நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"வேலாயுதமும் ஸ்டாஃப்தானே?" என்றார்.

அப்படியாக, ஏ பி சி டி-யைக்கூடத் தடவித் தடவிப் படிக்கிற என் பெயரில் உலகக் கணக்கு ஒன்று திறக்கப்பட்டது. கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பும் எனக்கே வந்தது.

முதல் நாள் முதலில் உட்கார்ந்தவன் கடைசி வரை எழுந்திருக்கவே இல்லை. பின்னால் நின்று இருமினேன். அவன் திரும்பிப் பார்த்து, "தண்ணி தாகு அண்ணா" என்று பாதித் தெலுங்கில் அக்கறையாகக் குடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி தட்டினான். மறுநாளும் இதே கதை. சரளா இரண்டு நாளும் கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

வீட்டில் என் மனைவி கஸ்தூரி, "இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வச்சிக்கினு கீற?" என்றாள். சொன்னேன்.

"தோ, மலைக்கு எவ்ளோ ஜனம் வருது. ஒருத்தனாச்சும் அங்கயே ஒக்காந்துக்கினு கீறானா? ஜருகண்டி ஜருகண்டின்னு சொல்லிக்கினே நவுத்தி உட்டுடல?"

அந்த ஞாயிற்றுக்கிழமை திருமலைக்குப் போனேன். பல மணி நேரம் வரிசையில் நின்று சந்நிதிக்கு வந்ததும் சாமியைப் பார்க்கவில்லை. தள்ளுகிறவரைப் பார்த்தேன். அவர் யாரையும் அதட்டவில்லை. முக்கியமாக, யார் முகத்தையும் பார்க்கவில்லை. கண் எங்கேயோ இருக்க, கை தன் பாட்டுக்குத் தோளில் பட்டுக்கொண்டே இருக்க, வாய் தாலாட்டுப் போல 'ஜருகண்டி' என்றது. கூச்சக்காரனுக்கென்றே அமைந்த முறை என்று மெய்சிலிர்த்தேன். (சாமி என்னை மன்னித்திருக்க மாட்டார் என்பது பிறகு தெரிந்தது.)

ஒரு சிக்கல். பெண் பிள்ளைகள் தோளைத் தொடலாகாது. ஆனால் எங்கள் ரூம் நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது.

திங்கட்கிழமை பெஞ்சுகளை வளைத்துப் போட்டு வரிசை கட்டினேன். முதலில் சரளா உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் ஆனதும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஜருகண்டி" என்று மெல்லச் சொல்லி, நாற்காலியை ஆளோடு பின்னால் இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. கை இன்னும் தட்டுகிற நிலையிலேயே இருக்க, அவள் வாசல் வரை வந்து சேர்ந்தாள்.

"அண்ணா, இன்னும் கேள்வியே கேக்கல" என்றாள்.

"ஜருகண்டிம்மா" என்றேன் சுவரிடம்.

அதன் பிறகு மடமடவென்று நடந்தது. உட்கார்வார்கள், தட்டுவார்கள், நான் இழுப்பேன். சிலர் இறங்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திரையில் எழுத்து வளர்ந்துகொண்டே போவதைப் பார்த்துப் பூரித்தேன். நேரம் முடிந்ததும் சார் வந்து, படிக்காமலே அனுப்புகிற பொத்தானைத் தட்டினார். "ஒரு சத்தம் இல்ல, பலே" என்று என் முதுகிலும் தட்டினார்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"ஏமய்யா, உன்னை யாரு இழுத்துக்கினு போனது?"

விழித்தேன்.

"ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு புரொபசரம்மா எழுதியிருக்காங்க. வேலாயுதம் யாரு, அவரை யாரு இழுத்துட்டுப் போனாங்க, பத்திரமா இருக்காரா, உடனே சொல்லுங்கன்னு."

பிறகுதான் விளங்கியது. ஒருவர் பாதியில் விட்டதை அழிப்பது மரியாதை இல்லை என்று அடுத்தவர் அதன் கீழேயே எழுதியிருக்கிறார். எல்லாம் சேர்ந்து ஒரே கடிதமாகப் போய்விட்டது. சார் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் குரலில் உயிரே இல்லை.

"எங்கள் தோப்பில் மாம்பிஞ்சுகள் கொட்டுகின்றன, முதலில் காம்பு... உங்கள் பல்கலைக்கழகத்தில் இலவசமாகச் சேர... அந்த கேட்ச் தரையில் பட்டதா இல்லையா என்று... எங்கள் ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பை... ஒரு பெண் லைப்ரரியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள், இதற்கு... ஐயோ, என்னை இழுத்துக்கொண்டு போகிறார்கள், மீதியை..."

அதற்குக் கீழே மெஷின் தானாகவே போட்டிருந்தது: இப்படிக்கு, வேலாயுதம்.

இரண்டு பேர் கூடி நின்றால் வாய் திறக்காத நான், உலகம் முழுவதற்கும் இவ்வளவு பேசிவிட்டேன்.

"கம்ப்ளைண்ட் வந்துடுச்சு. கதவு மூட வேண்டியதுதான்" என்றார் சார். கண்ணாடிக்கு வெளியே சரளா நின்றிருந்தாள். பேச வேண்டிய ஒரே சமயம் அது. எனக்கா பேச்சு வரும்? கதவை மட்டும் திறந்துவிட்டேன்.

சார் கடிதத்தை இன்னொரு முறை பார்த்தார். "அந்தம்மா கடைசியில ஒண்ணு கேட்டிருக்காங்க. காம்புக்கு என்ன ஆச்சாம்?"

"கறுத்துப் போவுது சார்" என்றாள் சரளா வாசலிலிருந்தே. "கறுத்து, அப்பறம் உதுருது."

சார் அவளுக்கு நாற்காலியைக் காட்டினார். பதில் போடாவிட்டால் ஆஸ்திரேலியா போலீசுக்குச் சொன்னாலும் சொல்லும். "வேலாயுதம் பத்திரமா இருக்காருன்னு மொதல்ல எழுதும்மா. அப்பறம் மாங்கா."

அவள் உட்கார்ந்தாள். பழக்க தோஷத்தில் என் கை நாற்காலி முதுகுக்குப் போனது.

"வேலாயுதம், கை எடு" என்றார் சார்.

பூ விடும்போதே மருந்து அடிக்க வேண்டும், காய் பிடித்த பிறகு அடித்துப் பயன் இல்லை என்று பதில் வந்தது. அடுத்த பருவம் காய் நின்றது, மரம் நின்றது, சரளாவின் படிப்பும் நின்றுபோகவில்லை. அவள் அப்பா ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். (கொஞ்சம் புளிப்புதான்.) டிகிரிப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தே இருந்தது. ஆளுக்கு அரை மணி. சார் சக்கரமில்லாத நாற்காலி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து போட்டார். எல்லோரும் என் பெயரிலேயே கேட்டார்கள். அந்த வருஷம் உலகத்தில் நான் சந்தேகப்படாத விஷயமே இல்லை.

இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது சொல்லத் தொடங்கி இழுத்தால் கஸ்தூரி சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஜருகண்டி" என்பாள். எங்கள் குடும்பக் குரூப்பில் நான் ஒரு வரி எழுதக் கால் மணி ஆகும். பொறுக்க முடியாமல் என் மகள் போனைப் பிடுங்கிப் பாதி எழுதுவாள், அவள் கையிலிருந்து கஸ்தூரி வாங்கி மீதியை எழுதுவாள். நான் என்ன சொல்ல வந்தேன் என்று யாரும் கேட்பதில்லை. போவது என்னவோ என் பெயரில்தான்.