மாப்பிள்ளை கேட்ட ஜாவா

ஆமத்தூர்,
புரட்டாசி 20.

அன்புமிக்க மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் அவர்களுக்கு மாமனார் நவநீதகிருஷ்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். வண்டி நலமில்லை. ஓசூரில் நீங்களும் பிரீத்திகாவும் உங்கள் பெற்றோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். போனில் உங்கள் குரலைக் கேட்டதும், சொல்லவேண்டியதெல்லாம் எனக்கு மறந்துபோய், "சரிங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறேன். சென்ற வாரம் "வண்டி ரெடியா மாமா?" என்று கேட்டீர்கள். அப்போதும் அதையேதான் சொன்னேன். அது பிழை. காலண்டர் அச்சகத்தில் ஆயுள் முழுக்கப் பிழை திருத்தியே பென்ஷன் வாங்கியவன், இந்தப் பிழையை உங்கள் தலைத்தீபாவளி வரைக்கும் விட்டுவைக்க மனமில்லாமல் எழுதுகிறேன்.

மறுவீட்டு விருந்தன்று கை கழுவப் பின்பக்கம் போன நீங்கள், கொட்டகையில் மூடிக் கிடந்ததைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஜாவா! மாமா, தலைத்தீபாவளிக்கு எனக்கு மோதிரம் கீதிரம் ஒண்ணும் வேண்டாம், இதை ஓட வச்சுக் குடுங்க, போதும்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். உங்கள் தந்தையார் சிரித்தார். மரியாதைக்கு நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தோம் என்பது எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. பிரீத்திகாவைக் கேட்டால், "அப்பா, அவரு வெளையாட்டுக்குச் சொன்னாரு, விடுங்கப்பா" என்றாள். உங்கள் அத்தை அதை ஒப்பவில்லை. "அவ நம்ம செலவ நெனச்சுச் சொல்றா. மாப்பிள்ளை வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். இதையும் செய்யலன்னா நாளைக்கு நம்ம பிள்ள அந்த வீட்டுல எப்படித் தலை நிமிந்து நிக்கும்?" என்றாள். அதன்பின் எனக்குத் தூக்கம் இல்லை. பவுன் விற்கிற விலையில் மோதிரத்தைவிட வண்டி மலிவாக முடியும் என்ற கணக்கும் மனதின் ஓரத்தில் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வண்டி காலஞ்சென்ற என் அண்ணனுடையது. அவர் காலண்டர் ஆர்டர் பிடிக்க அதில் போய்வந்தவர். நான் ஓட்டியதெல்லாம் ஸ்கூட்டர், இதன் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. ஆகவே எதையும் முறைப்படி செய்வோம் என்று முதலில் இன்சூரன்ஸுக்கு விசாரித்தேன். பிறகு ஹெல்மெட் வாங்கினேன். வண்டியின் மேல் மூடியிருந்தவை அச்சகத்தில் கழித்த காலண்டர் தாள்கள். அவற்றில் ஒரு மகாலட்சுமி பல கோடைகளின் வெயிலில் பெட்ரோல் டாங்கோடு ஒட்டிப்போயிருந்தாள். சுரண்ட எடுத்த கத்தியை உங்கள் அத்தை பிடுங்கிக்கொண்டாள். "வீட்டு லட்சுமியக் கத்தியால சுரண்டுவீகளா?" சுரண்டாவிட்டால் ஓட்டுகிற மாப்பிள்ளையின் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் லட்சுமி இருப்பாளே என்று நான் பணிவாக எடுத்துச் சொன்ன பிறகு, வெந்நீர்த் துணி போட்டுப் போட்டுப் பதமாக உரித்து எடுத்தோம். அவள் இப்போது டாங்கின் வளைவோடு பூஜை அலமாரியில் இருக்கிறாள். டாங்குக்குள் துரு. உள்ளே டீசலும் ஒரு கை நட்டு போல்ட்டும் போட்டுக் குலுக்கினால் போய்விடும் என்றார்கள். நானும் உங்கள் அத்தையும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் குலுக்கினோம். துரு போனது. எனக்கு இடுப்பு போனது. கார்புரேட்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது, சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. இருவரையும் காலி செய்யவைத்தோம்.

மெக்கானிக் முனியராஜைப் பற்றிச் சொல்லவேண்டும். வைகாசியில் கேட்டபோது, "அண்ணாச்சி, இது நம்ம கையில வளந்த வண்டி, ஒரே வாரம்" என்றான். ஆவணியில் போய்ப் பார்க்கையில் பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். "சீசன் அண்ணாச்சி. தீவாளி வரைக்கும் நான் டிரைவர், அதுக்கப்புறந்தான் மெக்கானிக்." தீபாவளிக்குத்தானே வண்டி வேண்டும் என்றேன். "அப்ப அடுத்த தீவாளிக்குன்னு வச்சுக்குவமா?" என்றான். கெஞ்சியதில் ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டான். சாயங்காலம் எங்கள் தெருவில் வேன் நின்று கம்பெனிப் பெண்கள் இறங்குகிற நேரத்தில் அவன் ஓடிவந்து வண்டியைப் பார்ப்பான். கடைசிப் பெண் இறங்கியதும் அடுத்த தெருக்காரிகள், "ஏ முனியராசு, அங்கன என்ன குடும்பமா நடத்துத? வந்து வேன எடு, அடுப்புப் பத்த வைக்க வேண்டாமா?" என்று சத்தம் போடுவார்கள். இவ்வாறாக, ஜாவாவின் இஞ்சின் மொத்தமும் பெண்கள் டிபன் கேரியரோடு படியிறங்கும் இடைவெளிகளில் மாட்டப்பட்டது. மிச்சத்தைப் போனில் சொன்னான். பொறி உண்டாக்குவதற்குப் பாயிண்ட் என்று இரண்டு துண்டு இருக்கிறது, அவை சேர்ந்து சேர்ந்து பிரியும், அந்த இடைவெளி பிசகினால் எல்லாம் பிசகும். "அதுக்கு அளவுத் தகடு இருக்கு, ஆனா வெலைக்கு வாங்காதீக. ஒரு கல்யாணப் பத்திரிகை கனம் இருந்தாப் போதும். பத்திரிகைய உள்ள வச்சு டைட் பண்ணுங்க" என்றான். சிக்கனமான யோசனை. பத்திரிகைக்கா நம் வீட்டில் பஞ்சம்? பிரீத்திகாவின் கல்யாணப் பத்திரிகையையே வைத்து, தரிசனம் பார்ப்பதுபோல் குனிந்து குனிந்து பார்த்து, நானே முடுக்கினேன்.

நல்ல நேரம் பார்த்தேன். பத்தே முக்கால். ஹெல்மெட்டை மாட்டினேன். இந்த வண்டியில் உதைக்கிற கம்பியே கியர் கம்பியும் என்பதால், எது எதுவென்று இரண்டு முறை சரிபார்த்து, உதைத்தேன்.

மாப்பிள்ளை, நீங்கள் வெடிச்சத்தத்தைத் தீபாவளிக்குக் கேட்டிருப்பீர்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் தீபாவளிக்குக் கேட்கும் சத்தம் சத்தமே இல்லை. வேலை நாளில், வேன்களெல்லாம் போனபிறகு, காலைப் பொழுதில் ஒரு சத்தம் கேட்டால் அது வேறு. இரண்டு சைலன்சரும் சேர்ந்து வெடித்தன. அடுத்த கணம் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். எந்தத் திசைக் கம்பெனியில் புகை என்று. எதிர்வீட்டுக் கருப்பம்மாள் அரிசி களைந்த கையோடு நடுத்தெருவில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "எந்தப் பக்கம்? ஏ, எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே, பட்டாசு வேலைக்குப் போயிருந்த மகள் வேல்விழிக்குப் போன் போட்டாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வேல்விழியின் போன் கருப்பம்மாள் வீட்டுக்குள்ளேயே அடித்தது. நான், "நான்தான்! நான்தான்!" என்று கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் கத்தினால் வெளியே கேட்பதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பதற்றத்தில் வார் கழலவில்லை. கழற்றி முடிக்கும்போது அவள் வெறுங்காலோடு மெயின்ரோட்டுக்குப் போய் ஆட்டோ ஏறிவிட்டாள். கம்பெனி கேட்டில் ஒன்றுமில்லை என்று சொல்லியும் நம்பாமல், மகளை வெளியே வரச்சொல்லிக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறாள். அதுவரை நான் அவள் வீட்டு வாசலிலேயே நின்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. சாயங்காலம் வேன் வந்ததும் வேல்விழியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து என் முன்னால் நிறுத்தினாள். "நல்லாப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. இந்தா இருக்கா. இனிமே உதைக்கதா இருந்தா, சொல்லிட்டு உதைங்க."

அன்றிலிருந்து சொல்லிவிட்டுத்தான் உதைக்கிறேன். வீடு வீடாகப் போய், "அம்மா வணக்கம், இன்னும் சற்று நேரத்தில் வண்டியை உதைக்க இருக்கிறேன், பயப்பட வேண்டாம்" என்பேன். சில வீட்டில் காப்பி கொடுத்தார்கள். நான் சுற்றி முடிப்பதற்குள் முதல் வீட்டுக்காரர்களுக்கு மறந்துவிடுகிறது என்று கண்டு, இப்போது கருப்பம்மாளே நடுத்தெருவில் நின்று, "ஏலே, அண்ணாச்சி உதைக்கப் போறாக! புள்ளைகளப் பிடிச்சுக்கோங்க!" என்று குரல் கொடுத்துவிடுகிறாள். நான் உதைக்கிறேன். வெடிக்கிறது. விடுமுறை நாளென்றால் வாசலில் உட்கார்ந்து வேல்விழி தரம் சொல்கிறாள்: "போன வாரம் நல்லாருந்துச்சு அண்ணாச்சி, இன்னைக்கு நமுத்துப் போச்சு. எங்க கம்பெனின்னா இத லோடு ஏத்த விடமாட்டாக." முனியராஜோ சைலன்சர் பக்கம் போனைப் பிடிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வெடிக்குதுல்ல? அப்பக் கரண்டு வருது. நல்ல சேதிதான்" என்கிறான். நல்ல சேதி இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆகையால் மாப்பிள்ளை, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். குற்றம் என் கையில்தான் இருக்கவேண்டும். எனக்கு ஆணியடிக்கவே சரியாக வராது. வண்டி ஓடாது. ஆனாலும் கேட்டது கேட்டபடி அது உங்களுடையது. தலைத்தீபாவளிக்கு வாருங்கள், சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, லாரியில் ஏற்றிவிடுகிறேன். ஓசூரில் நல்ல மெக்கானிக் இருப்பார்கள். அங்கே வெடித்தால் யாரும் வானத்தைப் பார்க்கமாட்டார்கள். எனக்கு அது போனால் போதும். ஒரே விண்ணப்பம்: இதற்காகப் பிரீத்திகாவிடம் முகம் கோணவேண்டாம். அவள் ஆரம்பத்திலேயே விடுங்கப்பா என்றவள்.

உங்கள் பெற்றோருக்கு எங்கள் நமஸ்காரங்கள். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நெடுங்காலம் வாழ எங்கள் ஆசிகள். பிரீத்திகாவை மழையில் நனையவேண்டாம் என்று அத்தை சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
நவநீதகிருஷ்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டியபின் பிரித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நேற்றுச் சாயங்காலம் முனியராஜ் வந்து பாயிண்டைத் திறந்தான். எதை வைத்து அளவு பிடித்தேன் என்று கேட்டான். காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது பத்திரிகையா, பலகையா?" என்றான். அது உங்கள் தந்தையார் தேர்ந்தெடுத்த அட்டை. அச்சகத்தில் அத்தனை வருடம் தாளோடு கிடந்த என் விரலுக்கு அதன் கனம் தெரியாமல் இல்லை. ஆனால் சம்பந்தி வீட்டு அட்டையைச் சந்தேகிப்பது மரியாதையாகப் படவில்லை, என்னையே சந்தேகித்துக்கொண்டேன். முனியராஜ் கருப்பம்மாள் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையை வைத்து முடுக்கிவிட்டு வேனுக்கு ஓடினான். இன்று காலை வழக்கம்போல் அவள் குரல் கொடுத்தாள். நான் உதைத்தேன். வெடிக்கவில்லை. கருப்பம்மாள் அலறிக்கொண்டு ஓடிவந்தாள்: "அய்யோ, சத்தத்தக் காணுமே! அண்ணாச்சிக்கு என்னமும் ஆயிருச்சா?" எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன், வண்டி எனக்குக் கீழே டுப்டுப்பென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆர்.சி. புதுப்பிக்கவேண்டியிருப்பதால் ரோட்டுக்குப் போகாமல் கண்மாய்க்கரை மேலேயே கடைசி மடை வரை போய்த் திரும்பினேன், கண்ணைத் திறந்துகொண்டு. இரண்டாவது நடைக்கு உங்கள் அத்தை பின்னால் ஏறினாள். "இன்னுங் கொஞ்சம் வெரசாப் போனாத்தான் என்ன?" என்றாள். போனேன்.

ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தவேண்டாம். வண்டி ஓடுகிறது, ஆதலால் தர இயலாது. மோதிரம் செய்யக் கொடுக்கவேண்டும், உங்கள் விரல் அளவு தேவை. போனிலேயே சொல்லுங்கள். "சரிங்க மாப்பிள்ளை" என்று சொல்லி வைத்துவிடமாட்டேன்.