இஞ்சிக் களத்துப் படம்

ஒச்சப்பனின் சாயாக் கடைச் சுவரில் புதிதாகத் தொங்கிய காலண்டரைப் பார்த்ததும் பாண்டித்துரை வாய்க்குக் கொண்டுபோன சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னடே, சூடா?" என்றார் ஒச்சப்பன்.

"அண்ணே, இது நான் எடுத்த படம்."

மட்டாஞ்சேரியில் ஒரு கிடங்கின் முற்றம். முற்றம் முழுக்கக் காய்கிற இஞ்சி. நடுவில் கிடங்குக் கூலிக்காரி காளியம்மை பலகையால் அதைக் கிளறிக்கொண்டிருந்தாள். சாய்ந்த வெயில் அவள் சேலையில் பிடித்திருந்தது. கீழே கொட்டை எழுத்தில் 'ராமபத்ரன், சுக்கு மொத்த வியாபாரம், 2008' என்றிருந்தது. எடுத்தவன் பேர்தான் இல்லை.

பாண்டித்துரை கார்ப்பரேஷன் குப்பை லாரியில் டிரைவர். இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. கேமரா அவன் தம்பி இசக்கிமுத்து கல்ஃபிலிருந்து கொண்டுவந்தது. தம்பி இறந்துபோன பிறகு பெட்டியில் கிடந்ததை மகாதான் எடுத்துத் துடைத்து, "சும்மா கிடந்தா பூத்துப்போகும்" என்று புருஷன் கையில் கொடுத்தாள். அதிலிருந்து அவனுக்கு அதே பைத்தியம். நெட் கஃபேயில் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தின் வலது ஓரத்திலும் தம்பி பேரையும் தன் பேரையும் சேர்த்து 'இசக்கிபாண்டி' என்று எழுதி ஏற்றிவிடுவான். எங்கோ இருக்கிற வெள்ளைக்காரர்கள்தான் பார்க்கிறார்கள் என்பது அவன் நினைப்பு. காலண்டரில் அந்த ஓரமே இல்லை.

"கேக்காம எடுத்தா களவுதான்," என்றாள் மகா. "பேரைப் போட்டிருந்தா வருசம் முழுக்க இத்தனை வீட்டுல தம்பி பேர் தொங்கியிருக்கும். போய்க் கேளுங்க."

போய்க் கேட்டான்.

"நெட்டுல கிடந்ததுன்னு பிரஸ்காரன் கொண்டுவந்தான்," என்றார் ராமபத்ரன் முதலாளி. "நெட்டுல கிடக்கிறதுக்கு உடமஸ்தன் உண்டோ?"

"உங்க இஞ்சி முற்றத்துல கிடக்கு முதலாளி. நான் வாரிட்டுப் போகலாமா?"

முதலாளி சிரித்துவிட்டார். நியாயம் சொன்னால் மடங்குகிற மனுஷர்தான். "சரி. நீ எடுத்ததுன்னு தெளிவு காட்டு, ஏதாவது ஆதாரம். அடுத்த அச்சுல பேர் போடறேன்."

"இதுல வலது பக்கத்தை வெட்டியிருக்காங்க. கேமராவுல முழுப் படம் இருக்கு."

மறுநாள் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய் மேஜையில் விரித்தான். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இஞ்சியைப் பார்க்கவில்லை, காளியம்மையைப் பார்க்கவில்லை. வலது பக்கத்தையே பார்த்தார்.

அங்கே கிடங்கு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கார்ப்பரேஷன் லாரி நின்றது. நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

தினம் ஓட்டுகிற வண்டி பாண்டித்துரையின் கண்ணில் எங்கே படப்போகிறது? வெயில் அவ்வளவு அழகாக விழுந்ததே என்று டியூட்டி நடுவில் நிறுத்திவிட்டு இறங்கியவன் அவன். இப்போதுதான் அதை முதல்முறையாகப் பார்த்தான்.

"இந்த வண்டியேதான்," என்றார் முதலாளி. "அன்னைக்குக் காலையில என் கைவண்டி ஒண்ணு வெளிய போக வழியில்ல. ஹெல்த் ஆபீஸ்ல பராதி எழுதிக் கொடுத்தா, தெளிவு கொண்டாங்கிறாங்க. டிரைவர் யாருன்னு தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும் முதலாளி? படம் எடுத்தது நான் இல்லையே."

"நீதானே சொன்னே?"

"சாயாக் கடை ஒச்சப்பண்ணன் எடுத்தது. அவர் கூச்சப்படுவார். அவருக்காக நான் வந்தேன்."

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "ஞாயித்துக்கிழமை கடை ஆண்டு விழா. ஒச்சப்பனுக்குப் பொன்னாடை போட்டுடுவோம். ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஸ்வர்ணலதா மேடமும் வர்றாங்க. இந்தப் படத்தை அவங்க கையிலேயே கொடுத்துடறேன்."

ஸ்வர்ணலதா மேடம் பாண்டித்துரையின் மேலதிகாரி. பெர்மனென்ட் ஆக்கச் சொல்லி எழுத வேண்டியவரும் அவர்தான்.

சாயாக் கடையில் ஒச்சப்பன் கையை விரித்தார். "கேமராவுல எந்தக் கண்ணை மூடணும்னே எனக்குத் தெரியாதுடே."

"ஒண்ணும் பேச வேண்டாம்ணே. பொன்னாடையை வாங்கிட்டு இறங்கிடுங்க."

"பிரியாணி உண்டா?"

"உண்டு."

"அப்ப நான்தான் எடுத்தேன்."

ஞாயிற்றுக்கிழமை பொன்னாடை தோளில் விழுந்ததும் ஒச்சப்பன் இறங்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டார். "சாயா ஆத்துற மாதிரிதான். கை நடுங்கப்படாது. கண்ணு கிளாஸ்லயே இருக்கணும்," என்றார். கைதட்டல் எழுந்தது. அது அவருக்குப் பிடித்துப்போய், இதுபோல் இன்னும் எத்தனையோ படம் வீட்டில் கிடப்பதாகவும் சொன்னார்.

பின்வரிசையில் மகா புருஷன் காதருகே குனிந்தாள். "தம்பி பேரைக் கேக்கப் போய் உங்க பேரையும் தொலைச்சிட்டீங்க."

"வேலையாவது மிஞ்சட்டும்."

அதற்குள் முதலாளி மேடையில் படத்தை விரித்து மேடம் கையில் கொடுத்துவிட்டார். "டிரைவர் யாருன்னு மேடம்தான் கண்டுபிடிக்கணும்."

மேடம் படத்தைப் பார்த்தார். பிறகு சுருட்டிக் கைப்பையில் செருகிக்கொண்டு, "விசாரிக்கிறேன்," என்றார்.

கூட்டம் பிரியாணிப் பக்கம் சாய்ந்ததும் அவர் நேரே பின்வரிசைக்கு வந்தார். பாண்டித்துரை எழுந்து நின்றான். மகாவும் எழுந்தாள்.

"ஒச்சப்பன் எடுத்த படமாமே?"

"ஆமா மேடம்."

"நல்லா எடுத்திருக்காரு."

"நான் சொல்லிடறேன் மேடம்."

மேடம் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"லாரி மேலேயே பேரையும் எழுதி நெட்டுல போட்டு வச்சா, ரெண்டையும் சேர்த்து வெட்டாம அந்தப் படத்தை நான் எப்படிப்பா காலண்டருக்குன்னு பிரஸ்ல கொடுக்கிறது?"