நீலக் கோட்டு விஷயமாக மாமாவுக்கு

குமாசி,
புதன்கிழமை

மாம்போங்கில் வாழும் மரியாதைக்குரிய நிமோ மாமா அவர்களுக்கு, தங்கள் அக்கா மகன் போன்சு பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே தாங்கள் உயிரோடு சுகமாக இருக்கவேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். "உயிரோடு" என்பதைச் சும்மா போடவில்லை. காரணம் கீழே வருகிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பொறாமை கிடையாது. தாங்கள் வீட்டோடு வைத்து வளர்க்கும் என் சித்தி மகன் ஒபிரிக்கு, கோகோ கம்பெனி நேர்காணலுக்கென்று நீலக் கோட்டு தைத்துக் கொடுத்தீர்கள். அதே வேலைக்கு, இன்றைக்கு அவனோடு நானும்தான் போனேன். எனக்கு என்ன கொடுத்தீர்கள்? "நல்லா குளிச்சிட்டுப் போடா"ன்னு ஒரு புத்திமதி. போகட்டும். நானும் தங்கள் அக்கா வயிற்றில் பிறந்தவன்தான் என்று ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு கறுப்புக் கோட்டு, சனிக்கிழமைதோறும் நடக்கும் சாவுச் சடங்குகளுக்குப் போடுவது. நம் பக்கத்தில் துக்க நிறம் கறுப்பும் சிவப்பும்தானே. கறுத்த கோட்டும் பளிச்சென்று ஒரு டையும் இருந்தால் நேர்காணலில் பாதி ஜெயித்த மாதிரி என்று பேப்பரில் போட்டிருந்தான். பளிச்சென்று என்னிடம் இருந்தது சாவுக்குக் கட்டுகிற சிவப்பு டைதான், அதைக் கட்டிக்கொண்டேன். உள்ளே போனதும் வேர்த்துக் கொட்டியது. கைக்குட்டை என்று பையிலிருந்து எடுத்துத் துடைத்தேன் பாருங்கள், அது போன சனிக்கிழமை சாவில் தலையில் கட்டிய சிவப்புத் துணி.

கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த மூன்று பேரில் நடுவே இருந்த டுஃபுவோ அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயோ தம்பி, யாரு போயிட்டாங்க?"

யாரும் இல்லை என்றால் சாவு உடுப்பில் வந்த கிறுக்கன் என்று துரத்திவிடுவார்களே. வாயில் வந்துவிட்டது, மன்னிக்கணும் மாமா: "எங்க மாமாங்க."

மூன்று பேரும் எழுந்து வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். "இந்தத் துக்கத்திலயும் நேரத்துக்கு வந்திருக்கியேப்பா!" கோகோவைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒபிரியை முந்திவிட்டேன் என்ற சந்தோஷத்தில் வந்த அழுகை.

அதுவும் பத்து நிமிஷம்தான். அடுத்து ஒபிரி வந்தான். நீலக் கோட்டு, வெள்ளை ஷூ, செண்டு வாசனை, முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு. ரெண்டு பேர் விண்ணப்பத்திலும் காப்பாளர் என்று தங்கள் பேர்தானே இருக்கிறது! வெளியே கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

"உங்க மாமா செத்துட்டாராமே. நீ இப்படி உடுத்திக்கிட்டு வந்திருக்கியே?"

"யாரு சொன்னது? காலையில ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதானே கஞ்சி குடிச்சோம்! இந்தக் கோட்டுக்குப் பித்தான்கூட அவர்தான் போட்டுவிட்டாரு மேடம்!"

கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள் என்று பார்த்தால், டுஃபுவோ அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். "பாவம், புள்ளைக்குத் துக்கம் தலைக்கேறிடுச்சு. மாமா மேல உசுரையே வச்சிருந்தவன் இவன்தான்!"

எனக்கு ஒரு தம்ளர் தண்ணி குடுத்தாங்களா? அவனுக்கு சோபா, மின்விசிறி, சோடா! மாம்போங் தூரமென்று கம்பெனி வண்டியிலேயே கொண்டுவந்து, டாக்டர் மாத்திரையும் கொடுத்து, என் வீட்டில், என் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். துரை தூங்குகிறார். கோட்டு என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. வேலை யாருக்கு என்று சாயங்காலம் சொல்வார்களாம், அதையும் அவனுக்கே தூக்கிக் கொடுப்பார்கள், பாருங்கள். தங்களைச் சாகடிச்சவன் நான், அழுதவன் நான், அதிலயும் முதல் பரிசு அவனுக்கா? வயிறு எரியுது மாமா!

இப்போது ஆத்திரம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நாளைக் காலையில் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாமாவைவிட வேலையா பெரிது? ஒபிரிக்கே கிடைக்கட்டும், தம்பிதானே. தாங்கள் நூறு வயது இருந்து எங்கள் இருவரையும் ஒரே மாதிரி பார்க்கவேண்டும். அத்தைக்கு என் வணக்கம்.

தங்கள் உண்மையுள்ள மருமகன்,
போன்சு

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் கம்பெனி ஆள் வந்தார். ஒபிரிக்கு ஒரு மாசமாவது ஓய்வு வேண்டுமாம். வேலை எனக்கு! ஆகவே உண்மை சொல்லும் யோசனையை விட்டுவிட்டேன். சனிக்கிழமை கம்பெனி ஆட்கள் வேன் பிடித்து அங்கே துக்கம் கேட்க வருகிறார்கள். தாங்கள் கூடத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தால் போதும், ஒரு மணி நேரம்தான். என்ன உடுத்துவது என்ற கவலை வேண்டாம். ஒபிரி எழுந்திருப்பதற்குள் அந்த நீலக் கோட்டை மடித்து இந்தக் கடிதத்தோடு மாம்போங் வண்டியில் அனுப்புகிறேன். தங்களுக்கு அளவு சரியாகத்தான் இருக்கும். எனக்குத்தான் தோளில் பிடிக்கிறது.