பலகை மாற்றும் ஐயா

பலகை மாற்றுகிறவர்கள் என்று உலகத்தில் ஓர் இனம் உண்டு, கேட்டிருக்கிறீர்களா? ஆண்டவன் அவர்களுக்கு நல்ல மனசைக் கொடுத்தான், இனிக்க இனிக்கப் பேசும் வாயைக் கொடுத்தான், படிக்கட்டைப் பார்க்கிற கண்ணை மட்டும் கொடுக்க மறந்துவிட்டான்.

எங்கள் ஊர்த் தையல்காரம்மா நடக்க முடியாத சிறுமியாக அப்பா தோளில் வந்தபோது அரசு அலுவலக வாசலில் 'அங்கஹீனர் தர்ம நிலையம்' என்று பெயர்ப்பலகை தொங்கியது. சட்டம் மாறி 'ஊனமுற்றோர் நல அலுவலகம்' ஆயிற்று. கொள்கை மாறி, மைக் வைத்து, கைதட்டி, பிஸ்கட் கொடுத்து, இப்போது 'மாற்றுத்திறனாளிகள் உரிமை மையம்'. வாசல் படிகள் மட்டும் எந்தச் சட்டத்துக்கும் அசையவில்லை.

ஒரு நாள் தையல்காரம்மாவின் சக்கர நாற்காலி ஆட்டம் கண்டுவிட்டது. புதியது கிடைக்காவிட்டால் கடைக்குப் போக முடியாது, பிழைப்பு போச்சு. தங்கைதான் தள்ளி வந்தாள்.

அதிகாரி ஐயா மேல்படியில் நின்று கைகூப்பினார். "உங்களுக்குச் சேவை செய்யறது என் பாக்கியம்மா. ஆனா பரிசோதனை உள்ளதான். நீங்களே ஏறி வந்து காட்டினாத்தான், ஏற முடியாதவங்கன்னு எழுத முடியும்."

"அக்கா ஏறிட்டா நாற்காலி எதுக்கு சார்?" என்றாள் தங்கை.

"அதேதாம்மா! ஏறிட்டா கிடைக்காது."

"ஏறலைன்னா?"

"ஆள் வரலைன்னு போட்டுடுவோம்."

தையல்காரம்மாவுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. சுவரோரம் கழற்றிப் போட்ட பழைய பலகைகள் கிடந்தன. நல்ல கெட்டி மரம்.

"வாட்ச்மேன் அண்ணே, அதுங்கள படிமேல சாய்ச்சுப் போடுங்க."

ஐயா பதறினார். "ஐயோ, அதெல்லாம் பழைய வார்த்தைம்மா! உங்க மனசு புண்படும்!"

"பட்டுட்டுப் போகுது சார். சக்கரம் ஏறுதுல்ல?"

தங்கை தள்ள, அங்கஹீனர் மேல் ஏறி, ஊனமுற்றோரைத் தாண்டி, தடதடவென்று உள்ளே போய்விட்டார் தையல்காரம்மா. அத்தனை கால நல்ல எண்ணமும் அன்றைக்குத்தான் ஒரு ஆளைத் தாங்கியது. சக்கரத்தோடு ஏறினால் ஏறியதில் சேராது என்று ஐயாவே தாராளமாகத் தீர்ப்புச் சொல்ல, புது நாற்காலிக்குக் கையெழுத்தும் ஆயிற்று.

ஐயா சும்மா இருப்பாரா? மறுநாளே அந்தப் படிகளுக்கு மேலே ஒரு பலகை மாட்டிவிட்டார்: 'சாய்வுப் பாதைத் திட்டம்'.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படி? "எங்க வீட்டுக்கு அந்த மாதிரி யாரும் வர்றதே இல்லையே" என்கிறீர்களா?

எப்படி வருவார்கள்?