தையல்காரருக்கு விழுந்த பள்ளத்தாக்கு

மலைகளுக்கு மேலே, மேகங்களுக்குப் பக்கத்து வீட்டில், மாப்பிள்ளையோடும் ஒரு மருந்துப் பெட்டியோடும் பிடிவாதம் பிடித்த கழுதை ஒன்றோடும் ஊழியம் செய்துவரும் என் அருமை மருமகளுக்கு, உன் தாயின் ஒரே தம்பியும், உண்மைக்குத் தூரத்து உறவினனும், இந்தத் தெருவின் ஏகபோக ஜெப அதிபதியுமாகிய (இந்தப் பதவி என் தலையில் விழுந்த கதையைப் பிறகு சொல்கிறேன்) உன் மாமா எழுதிக்கொண்டது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே அனைவரும் சுகம். உன் அத்தையின் முட்டிவலியும் சுகம். அது அவளைவிட ஆரோக்கியமாக இருக்கிறது. உங்கள் இருவரின் சுகத்துக்காகவும், அந்தப் பள்ளத்தாக்கு ஜனங்களின் சுகத்துக்காகவும், கழுதையின் மனமாற்றத்துக்காகவும் வேண்டிக்கொள்கிறோம்.

நிற்க. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். மாப்பிள்ளை நம்பமாட்டார். எழுதுகிற எனக்கே நடுநடுவே சந்தேகம் வருகிறது. சத்தியம் பண்ணக் கூடாது என்று வேதத்தில் இருப்பதால் மட்டுமே நான் சத்தியம் பண்ணாமல் ஆரம்பிக்கிறேன். இல்லாவிட்டால் வரிக்கு ஒன்று பண்ணியிருப்பேன்.

போன வாரம் நீ உன் அம்மாவிடம் போனில் என்னவோ சொன்னாயாமே. அக்கா அழுத முகத்தோடு நேரே என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "டேய், அவ என்ன கேக்கறா தெரியுமா? 'அம்மா, அங்க எங்களை யாராவது நெனச்சுப் பாக்கறாங்களா? அனுப்பி வச்சுட்டு மறந்துட்டாங்க போல இருக்கே'ன்னு கேக்கறாடா. மழைக்காலம் முடிஞ்சதும் மூட்டையைக் கட்டிட்டுத் திரும்பி வந்துடப் போறாளாம். நீதான் ஊரெல்லாம் வாய் ஓயாம பேசுவியே, அவளுக்கு நாலு வரி எழுதேன்டா" என்றாள். நாலு வரியாம்! நான் ஒரு தும்மலை விவரிக்கவே நாலு பக்கம் எடுத்துக்கொள்கிறவன் என்று உடன்பிறந்தவளுக்கே தெரியவில்லை. ஆகவே, உங்களை யாராவது நினைக்கிறார்களா என்ற உன் கேள்விக்கு என் பதில் பின்வருமாறு.

நம் சபையில் வாராவாரம் உலகம் முழுவதற்காகவும் ஜெபம் செய்கிற வழக்கம் உனக்குத் தெரியும். அது எந்த லட்சணத்தில் நடந்தது என்பதும் தெரியும். "ஆண்டவரே, உலகத்துல இருக்கிற எல்லாரையும் ஆசீர்வதியும், ஆமென்" என்று ஒரே மூச்சில் ஏழு கண்டங்களையும் அள்ளிக் கட்டி அனுப்பிவிட்டு, டீ ஆறிவிடுமே என்று ஓடுவோம். ஒருநாள் போதகருக்குப் பொறுக்கவில்லை. "எல்லாருக்கும் ஜெபிக்கிறேன்னு சொல்றவங்க யாருக்குமே ஜெபிக்கறதில்லை. இனிமே உலகத்தைப் பிரிச்சுக் குடுத்துடறேன். ஆளுக்கு ஒரு இடம். அங்க இருக்கிற மிஷனெரியும் ஜனங்களும் உங்க பொறுப்பு" என்று சொல்லி, மிஷனெரிகள் இருக்கும் இடங்களையெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, திருவுளச்சீட்டு எடுக்கச் சொல்லிவிட்டார். அன்றைக்கு, மருமகளே, உலகம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் குலுங்கியது. கடல்கள் தளும்பின. இரண்டு தீவுகள் இடம் மாறிவிட்டதாகக் கேள்வி.

சலூன்காரருக்கு ஒரு நாடு விழுந்தது. ரொட்டிக் கடைக்காரருக்கு அதற்கு அடுத்த நாடு விழுந்தது. உன் அத்தைக்கு வருஷம் முழுக்கப் பனி பெய்கிற ஏதோ ஒரு மூலை. அன்று மாலையே அவள் மின்விசிறியை நிறுத்திவிட்டாள். "அங்க நம்ம ஆளுங்க குளிர்ல நடுங்கிட்டிருக்கும்போது உங்களுக்குக் காத்து கேக்குதா?" என்று கேட்டுவிட்டுக் கம்பளி பின்ன உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. மிஷனெரிக்குப் பின்னினாள், அவர் குடும்பத்துக்குப் பின்னினாள், அந்த ஊர் ஜனங்களுக்கெல்லாம் பின்னினாள், இப்போது பனிக்கரடிகளுக்கு அளவு கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு விழுந்தது என்ன தெரியுமா? ஆப்பிரிக்காவில் பாதியாவது வரும் என்று தோளைக் குலுக்கிக்கொண்டு போய்ப் பிரித்துப் பார்த்தால், "நம்ம தெரு" என்று எழுதியிருந்தது!

"ஐயா, இது மிஷன் ஊழியமா? கூத்தா?" என்று போதகரிடம் எகிறினேன். அவர் அசரவில்லை. "தேவையில இருக்கிற ஜனங்களுக்காகத்தானே ஜெபிக்கறோம்? நம்ம தெருவுக்கு என்ன குறைச்சல்? இன்னும் சொல்லப்போனா, உலகத்துலயே கஷ்டமான இடம் அதுதான். தைரியமா போங்க" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்று முதல் அடைத்துக்கொண்ட சாக்கடைக்கும், வாடகை ஏற்றும் வீட்டுக்காரருக்கும், என்னைக் கண்டால் மட்டும் குரைக்கும் மூலைவீட்டு நாய்க்கும் நானே பொறுப்பு. இதுவரை யாரும் மனம் திரும்பவில்லை. நாய் மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

உன் பள்ளத்தாக்கு யாருக்கு விழுந்தது என்று கேட்கிறாயா? அங்கேதான் என் வயிறு எரிந்தது. தையல்காரருக்கு! "முக்கால் இஞ்ச்" என்று நாங்கள் கூப்பிடுகிறவருக்கு. நீ அவரைப் பார்த்ததில்லை. நீ போன பிறகுதான் சபைக்கு எதிரே கடை போட்டார். எதைத் தைத்தாலும் முக்கால் இஞ்ச் குறைவாகத்தான் வரும். இந்தத் தெருவில் ஆண்களெல்லாம் எப்போதும் வெள்ளம் வரப்போவதுபோல் கணுக்கால் தெரிய நடப்பதற்கு அவரே காரணம். பேச்சும் அதே அளவுதான். நான் போய் நயமாகக் கேட்டேன். "அது என் மருமக இருக்கிற இடம். எனக்குக் குடுத்துட்டு என் தெருவை எடுத்துக்குங்களேன்." அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே தலையை ஆட்டினார். "இந்தத் தெருவுக்கா? அவ்வளவு விசுவாசம் எனக்கு இல்லீங்க."

சும்மா விடுவேனா? அத்தையிடம் கெஞ்சிப் பனிப் பிரதேசத்தை வாங்கி, அதோடு பசிபிக் சமுத்திரத்தையும் (அதை யாரும் எடுக்கவில்லை; டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது) சேர்த்துத் தருவதாகச் சொன்னேன். "சமுத்திரத்தை வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?" என்றார். தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். கல்லில்கூட நார் உரிக்கலாம், முக்கால் இஞ்சிடம் ஒரு பள்ளத்தாக்கை உருவ முடியாது. சரி, இவ்வளவு பிடிவாதமாக வைத்துக்கொண்டவர் எப்படித்தான் ஜெபிக்கிறார் பார்ப்போம் என்று அடுத்த கூட்டத்தில் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் முறை வந்தது. எழுந்தார். "ஆண்டவரே, அந்தப் பொண்ணு. ஆமென்." உட்கார்ந்துவிட்டார். போதகர் மெதுவாக, "இன்னும் கொஞ்சம் விவரமா..." என்று இழுத்தார். "அவருக்குத் தெரியுங்க" என்று பதில் வந்தது. பார்த்தாயா, ஜெபத்திலும் முக்கால் இஞ்ச் குறைவு!

இதற்கிடையில் உலக அரசியல் நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது. சலூன்காரருடைய நாட்டுக்கும் ரொட்டிக் கடைக்காரருடைய நாட்டுக்கும் எல்லையில் தகராறு என்று செய்தி வந்ததோ இல்லையோ, இங்கே இவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒருநாள் மறதியாக ரொட்டிக் கடைக்காரர் சவரத்துக்குப் போய் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஒரு கன்னம் முடிந்தது. கத்தி அந்தரத்தில் நின்றது. "உங்க ஆளுங்களை முதல்ல ஆத்துக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லுங்க. அப்புறம் இந்தக் கன்னத்தைப் பாப்போம்" என்றார் சலூன்காரர். "நான் ரொட்டி சுடறவன்யா, நான் சொன்னா படை நகருமா?" "நீங்க சரியா ஜெபிச்சிருந்தா நகர்ந்திருக்கும்!" அவ்வளவுதான். பாதித் தாடியோடு ரொட்டி விற்றார் மனுஷன். இடப்பக்கமாக வருகிறவர்களுக்குச் சாமியார், வலப்பக்கமாக வருகிறவர்களுக்கு மாப்பிள்ளை. கடைசியில் உன் அத்தை ஊசிகளோடு போய் நடுவில் நின்று, "ரெண்டு பேரும் நாட்டை மாத்திக்குங்க. எதிரிக்காக ஜெபிச்சுப் பாருங்க, அப்ப தெரியும்" என்று தீர்ப்பு சொன்னாள். மாற்றிக்கொண்டார்கள். தீர்ந்ததா? இல்லை! "என் பழைய நாட்டை நீங்க சரியாக் கவனிக்கறதில்லை" என்று இப்போது அதற்கு ஒரு சண்டை. ஆனால் அந்தச் சண்டையில், எந்த ஊரில் மருந்து தீர்ந்துவிட்டது, எந்த முகாமில் குழந்தைகளுக்குப் பால் இல்லை என்று இருவருக்கும் விரல் நுனியில் இருக்கிறது. உலக சபைகளே வந்து இந்த சலூனில் வரிசையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். மூச்சைப் பிடித்துக்கொள். உனக்கு விஷக் காய்ச்சல், நினைவில்லாமல் கிடக்கிறாய், வண்டி வரப் பாதையில்லை என்று மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்ததே, அந்த நாளைச் சொல்கிறேன். அது பள்ளிக்கூடம் திறக்கப்போகிற வாரம். தையல்காரர்களுக்கு அதுதான் அறுவடை. மூச்சு விடக்கூட ஆள் வைத்துக்கொள்வார்கள். அந்த வாரத்தில், மருமகளே, முக்கால் இஞ்ச் கடையின் ஷட்டரை இழுத்து மூடிவிட்டார்! சீருடை கேட்டு வந்த தாய்மார்கள் ஷட்டரைத் தட்டினார்கள், தகப்பன்மார்கள் உதைத்தார்கள், அது திறக்கவில்லை. மறுநாள் ஒரு பள்ளிக்கூடமே படுக்கைவிரிப்பைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனது. வாசலில் நின்ற தலைமையாசிரியர் ராஜசபை ஏதோ கூடுகிறது என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். பிறகு விஷயம் தெரிந்து படையோடு கடைக்கு வந்தவர், உன் சமாச்சாரத்தைக் கேட்டதும் அங்கேயே முழங்கால் போட்டார். சலூன்காரர் போட்டார். ரொட்டிக் கடைக்காரர் அவர் பக்கத்திலேயே போட்டார். எள் போட்டால் எள் விழாத கூட்டம். பேருந்து நின்றது, பயணிகள் இறங்கி முழங்கால் போட்டார்கள், போக்குவரத்துப் போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்தபடியே "ஆமென்" சொன்னதில் நான்கு திசை வண்டிகளும் ஒன்றாகக் கிளம்பிவிட்டன. அந்த ஜெபத்தின் அனலில், அடுப்பிலேயே வைக்காத ரொட்டி வெந்தது. மூலைவீட்டு நாய் முன்னங்கால்களை மடக்கியது. உன் காய்ச்சல் பயந்துபோய் மலையிலிருந்து குதித்து, கடல் தாண்டி ஓடி, ஒதுங்க இடம் தேடி, கடைசியில் தலைமையாசிரியர் மேல் ஏறிக்கொண்டது. அவர் நாலு நாள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். பெருந்தன்மையான மனிதர், திருப்பி அனுப்பவில்லை.

ஆகவே, உங்களை நினைப்பதற்கு இங்கே ஆள் இல்லை என்று நீ நினைத்தால், ஆள் அதிகமாகித் தள்ளுமுள்ளு நடக்கிறது என்று அறியவும். நீங்கள் இருப்பதும் வருவதும் உங்கள் இருவருக்கும் ஆண்டவருக்கும் நடுவிலுள்ள விஷயம். அதில் நான் மூக்கை நுழைக்கமாட்டேன், என் மூக்குக்குத் தெருச் சாக்கடையே போதும். உடம்பு தாங்கவில்லை என்றால் வா, வாசலில் வந்து நிற்கிறேன். மறந்துவிட்டார்கள் என்பதற்காக மட்டும் வராதே.

மாப்பிள்ளைக்கு என் மரியாதை. அந்தப் பள்ளத்தாக்கின் பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம், கழுதைக்குக் கண்டிப்பு. கூரை ஒழுகாமலும், கிணறு வற்றாமலும், மருந்துப் பெட்டி காலியாகாமலும், நீ சிரிப்பதை நிறுத்தாமலும் இருக்க ஆண்டவர் உங்களைத் தம் உள்ளங்கையில் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
பேச்சில் குறையில்லாத உன் மாமா.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் உன் அத்தை இதை வாங்கிப் படித்துவிட்டாள். "ஜெபத்தைப் பத்திக்கூடவா அண்டப்புளுகு ஆகாசப்புளுகு? பொய்னு எழுதி அனுப்புங்க" என்று பக்கத்தில் நிற்கிறாள். எழுதுகிறேன். பேருந்து நிற்கவில்லை. போலீஸ்காரர் அந்தப் பக்கமே வரவில்லை. ரொட்டிக் கடைக்காரருக்குத் தாடியே வளராது. உன் அத்தை பின்னியது ஒரே ஒரு கையுறை, அதுவும் இடது கைக்கு. நாய் என்னைக் கடித்துவிட்டது. படுக்கைவிரிப்பு, ராஜசபை எல்லாம் கட்டுக்கதை. பிள்ளைகள் பழைய சீருடையிலேயே போனார்கள்.

கடை மூடியிருந்தது மட்டும் நிஜம். என் கால்சட்டையை வாங்கப் போனவன், ஷட்டர் கீழே கிடப்பதைப் பார்த்துப் பின்பக்கமாகப் போனேன். வெட்டாத துணிக் குவியலுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார். "என்ன ஆச்சு?" என்றேன். "அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சலாமே. கை ஓடலீங்க" என்றார். துணியை ஒதுக்கிவிட்டு, நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.